உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு மொயிஸ்ட் கேக்

மச்சாளுக்கு,

இன்று எங்கள் வீட்டில் உங்கள் ஆண்டுத்திவசம். ஐயரும் உங்கள் வீட்டுக்காரரும் வந்து போய்விட்டார்கள். சோறு, ஏழு கறி, வடை, பாயாசம் எல்லாம் ஒழுங்காகப் படைத்தாயிற்று. எல்லாம் முடிந்து நான் ஏப்பம் விடுகிற வேளையில் உங்கள் தங்கச்சி, அதாவது என் வீட்டை ஆளும் மகாராணி, ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைக் கொண்டுவந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே கறுப்பாக, வேர்த்துப்போய், ஒரு துண்டு கிடந்தது. மூடியில் தமிழிலேயே ஒட்டியிருந்தார்கள்: "சொக்லேற் மொயிஸ்ட் கேக்."

குனிந்து மணந்து பார்த்தேன். ஈரத்துவாயைச் சீனிப்பாணியில் தோய்த்து, மழைக்காலத்து பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் ஒரு கிழமை விட்டுவைத்தால் வரக்கூடிய மணம். ஒரு விரலால் தொட்டேன். விரலை அது திருப்பித் தர மறுத்தது.

"அக்காவுக்குக் கேக் எண்டா உயிரெல்லோ" என்றாள் உங்கள் தங்கச்சி.

"கேக் எண்டா உயிர்தான். இது கேக்கோ? ஆரோ வாய்க்குள்ள வச்சுச் சூப்பிப்போட்டு எடுத்து வச்ச மாதிரிக் கிடக்கு."

"திவசத்தில எண்டாலும் அந்த வாயைக் கொஞ்சம் மூடி வச்சிருக்க ஏலாதோ?"

ஏலாது. உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், நான் வேலை செய்த துறைமுகத்துக்குள் வந்துபோன அத்தனை கப்பல்களுக்கும் தெரியும்.

அதைவிட அருவருப்பான இன்னொன்றையும் சொல்லவேண்டும். வாடை மழைக்காலம் அல்லவா? உங்கள் படத்தின் கண்ணாடிக்குள் ஈரம் புகுந்துவிட்டது. கீழ் மூலையில் தொடங்கிய மஞ்சள் கறை சேலைக்கரை வழியே ஊர்ந்து மேலே வருகிறது. உயிரோடு இருந்த காலமெல்லாம் உங்கள் வாசற்படியைத் தாண்டத் துணியாத எதிரி, நீங்கள் அசையமாட்டீர்கள் என்று தெரிந்ததும் உள்ளே வந்து குந்திவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருகோணமலையில் கடலோரம் வீடு கட்டிக்கொண்டு ஈரத்தோடு போர் தொடுத்த ஒரே மனுசி நீங்கள்தான். மற்ற வீடுகளில் உப்பு போத்தலுக்குள்ளேயே அழுது கரையும். விசுக்கோத்து பேணியைத் திறக்குமுன் துவண்டுவிடும். நெருப்புக்குச்சி பெட்டியில் உரசும்போது மெழுகுபோல மடியும். உங்கள் வீட்டிலோ உப்பு மணல்போலச் சொரியும். அலுமாரிக்குள் பகலும் இரவும் ஒரு மின்குமிழ் எரியும். சேலைகளுக்கு நீங்கள் அடைகாக்கிறீர்கள், ஒருநாள் அவை குஞ்சு பொரிக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வாசலில் கால் துடைக்கச் சாக்கு, அதற்கப்பால் ஒரு துவாய், அதற்கும் அப்பால் நீங்கள். கொட்டியார் குடாக்கடல் முழுவதும் எழும்பி உங்கள் வாசலுக்கு வந்திருந்தாலும், "கொஞ்சம் நில்லும், காலைத் துடைச்சிட்டு வாரும்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

ஒருமுறை சல்லி அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் கருவாடு வாங்க நின்றோம். விற்ற மனுசி ஒரு பாரைக் கருவாட்டைத் தூக்கிக் காட்டினார். நீங்கள் அதை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தீர்கள். வளைந்தது. உங்கள் முகம் கோணியது.

"முறிஞ்சாத்தான் கருவாடு. வளைஞ்சா அது பிணம்."

"அம்மா, நேற்றுத்தான் காயப்போட்டது. இன்னும் ரெண்டு வெயில் கண்டா முறியும்" என்றார் அவர்.

"அப்ப ரெண்டு வெயில் கண்ட பிறகு வாறன்." சொன்னபடியே திரும்பிப் போனீர்கள் என்பதுதான் கொடுமை. உங்களை ஏற்றிக்கொண்டு போனது என்னுடைய சைக்கிள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊரே தோல் வெடித்து, உதடு வெடித்து, ஒருவரோடொருவர் எரிந்து விழுந்துகொண்டிருக்கும். நீங்கள் மட்டும் முற்றத்தில் உடுப்புக் கொடிகளுக்கு நடுவே பட்டத்து ராணிபோல நிற்பீர்கள். வாடை தொடங்கினால் முகம் சுருங்கிவிடும். ஈரம் என்ற சொல்லையே நீங்கள் வாயின் ஓரத்தால்தான் சொல்வீர்கள், வேறு யாருடையதோ எச்சிலைத் துப்புவதுபோல.

அப்படிப்பட்ட நீங்கள் சுட்ட கேக் மாத்திரம் எப்படி அவ்வளவு மிருதுவாக இருந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேக் வேகும் போறணையைத் திறந்ததும் தென்னோலை ஈர்க்கு ஒன்றை நடுக் கேக்கில் குத்தி இழுப்பீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். பிறகு அதைக் கீழுதட்டில் மெதுவாக வைத்து எடுப்பீர்கள். "கண்ணும் ஏமாத்தும், கையும் ஏமாத்தும். உதட்டுக்குத்தான் ஈரம் தெரியும்" என்பீர்கள். அந்தச் சோதனையில் தேறாத கேக் வெளியே போகாது. தேறியதை வாயில் வைத்தால் மேகத்துக்கு வெண்ணெய் பூசியதுபோல இருக்கும். இது என் வழக்கமான புளுகு இல்லை.

அயலவர்களின் பிறந்தநாளுக்கும் வருசப்பிறப்புக்கும் சுட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த உங்களுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. ஒரு கலியாணக் கேக். மண்டபத்தின் நடுவே தட்டுத்தட்டாக நிமிர்ந்து நின்று, "இது ஆர் சுட்டது?" என்று ஊர் கேட்கவேண்டும். அந்த ஆசையைத்தான் ஒரு லண்டன்காரி படலை திறந்து கொண்டுவந்தார்.

உங்கள் ஒழுங்கையில் பிறந்து லண்டனில் குடியேறியவர். தம்பியின் கலியாணத்துக்காக வந்திருந்தார். நீங்கள் கொடுத்த துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயோ அக்கா, ஸோ மொயிஸ்ட்! லண்டனில கூட இப்பிடி மொயிஸ்டா நான் சாப்பிடேல்ல. தம்பியின்ட கலியாணத்துக்கு நீங்கள்தான் மூண்டு தட்டுக் கேக் செய்து தரவேணும்!"

"ஓம் பிள்ளை, ஓம்" என்று படலை வரை போய் வழியனுப்பினீர்கள். திரும்பி வரும்போது முகத்தில் பாதிதான் சிரிப்பு இருந்தது. நான் கதிரையில் இருந்து மூன்றாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ என்னவோ எண்டு சொன்னவ. மொயிசோ, மொயிசினோ?"

"மொயிஸ்ட், மச்சாள். உங்களைப் புகழ்ந்திட்டுப் போறா."

"என்ன கருத்து?"

"ஈரலிப்பு. ஆனா நல்ல ஈரலிப்பு."

மழையில் வெறுங்காலால் அட்டையை மிதித்தவர்போல நின்றுவிட்டீர்கள். "நல்ல ஈரலிப்போ? நல்ல பிணம் எண்டும் ஒண்டு இருக்கோ?"

நானும் விடவில்லை. இந்து சமுத்திரத்தில் மிதந்த அத்தனை மாலுமிகளோடும் இங்கிலீசில் சண்டை பிடித்துப் பழகியவன் அல்லவா? எழும்பி நின்று ஒரு பேருரை நிகழ்த்தினேன். இங்கிலீசுக்காரன் மழையிலேயே பிறந்து மழையிலேயே சாகிறவன், அதனால் ஈரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உத்தியோகம் கொடுத்து வைத்திருக்கிறான் என்றேன். வெட் என்றால் நனைந்து சொட்டுவது. டாம்ப் என்றால் சுவரிலும் சப்பாத்துக்குள்ளும் இருக்கிற, ஒருவருக்கும் வேண்டாத ஈரம். ஹியூமிட் என்றால் ஆகாயத்தின் வேர்த்த கமக்கட்டு. இந்த மொயிஸ்ட் இருக்கிறதே, அது ஒரு இரட்டை நாக்குக்காரன். மண் மொயிஸ்ட் என்றால் கமக்காரனுக்குச் சந்தோசம். கண் மொயிஸ்ட் என்றால் இரக்கம். கேக் மொயிஸ்ட் என்றால் மகுடம். ஆனால் ஒருவனுக்குக் கைகொடுத்தபிறகு அவன் உள்ளங்கை மொயிஸ்ட் என்று சொன்னால், போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவவேண்டும் என்று கருத்து. சொல்லும்போதே வாய்க்குள் எச்சில் ஊறி உதடு ஒட்டுகிறது பாருங்கள், எனக்கும் அந்தச் சொல் அருவருப்புத்தான், ஆனால் அது உங்களுக்குக் கிடைத்த மாலை என்று முடித்தேன்.

அன்று நான் சொன்னது முழுவதும் உண்மை. அதுதான் கேடாகப்போயிற்று. துறைமுகத்துக்குள் திமிங்கிலம் ஒன்று வந்து என்னிடம் வழி கேட்டதென்று சொன்னவனும் நான்தான். கடலுக்கடியில் கடற்படைக்காரர் கோழி வளர்க்கிறார்கள், அதனால்தான் முட்டையில் உப்பு இருக்கிறது என்று சொன்னவனும் நான்தான். "இந்தப் புளுகரை நம்பினால் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டீர்கள்.

என் சகலன், பாவம், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு தாங்கி ஒழுகினால் மட்டும் வாய் திறக்கும் சுபாவம். அவர் தன்னுடைய பழைய அகராதியைக் கொண்டுவந்தார். உங்கள் வீட்டில் ஈரம் ஒளித்திருந்த ஒரே இடம் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. எம் என்ற எழுத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. கேக் வெட்டும் கத்தியால் அவற்றைப் பிரித்தீர்கள். சகலன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"ஈரமான. ஈரலிப்பான." விரலை அடுத்த வரிக்கு இறக்கினார். "நசநசப்பான."

நசநசப்பு! குசினியில் பிழியாமல் விட்ட துணிக்கும், காய்ச்சல்காரனின் தலையணைக்கும் சொல்கிற சொல்.

"என்ட கேக் நசநசக்குதாம்" என்றீர்கள். குரல் உடைந்திருந்தது. "பக்குவமாச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. நல்ல பிள்ளை. கலியாணத்துக்கு ஒரு சொட்டு ஈரம் இருக்காது, பாரும்."

"மச்சாள், கெடுக்கப்போறியள். அவ அதுக்காகத்தான் உங்களிட்டக் கேட்டவ."

"நீர் சும்மா இரும்."

கலியாணம் நல்ல மழைநாளில் வந்தது. மண்டபத்தின் நடுவே உங்கள் கேக் வெள்ளை வெளேரென்று நின்றது. வந்தவர்கள் எல்லோரும் நீங்கள் ஆசைப்பட்ட கேள்வியைத்தான் கேட்டார்கள். நீங்கள் முன்வரிசையில், அலுமாரி வெப்பத்தில் காய்ந்த பட்டுச்சேலையில், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தீர்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கத்தியைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார்கள். ஐசிங் உடைந்தது. கத்தி நின்றுவிட்டது.

"இன்னொருக்கா சிரிச்சுக்கொண்டு வெட்டுங்கோ" என்றார் படம் பிடிப்பவர்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு அழுத்தினார். பிறகு சிரிக்காமல் அழுத்தினார். மாப்பிள்ளைத்தோழனும் வந்து பிடித்தார். கோட்டை மதிலில் பீரங்கிக் குண்டு பட்டதுபோல ஒரு சத்தம். மேல்தட்டு இரண்டாகப் பிளந்து ஒரு பாதி நிலத்தில் உருண்டது. விழுந்தும் உதிரவில்லை, மச்சாள்! அது உருண்டு போய் ஒரு கதிரைக்காலில் முட்டி நின்றது. ஊட்டிய துண்டை வாயில் வாங்கிய பொம்பிளை, மரத்தூளை விழுங்கியவர்போல இருமி, மாப்பிள்ளையின் கோட்டு முழுவதும் தூவினார். சனம் சிரித்தது. நான் வாழ்க்கையில் சிரிக்காமல் இருந்த ஒரே சந்தர்ப்பம் அது.

லண்டன்காரி உங்களிடம் வந்தார். கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தது.

"என்னக்கா நடந்தது? அண்டைக்கு நான் சாப்பிட்டது எவ்வளவு மொயிஸ்டா இருந்தது. அந்த மாதிரி வேணும் எண்டுதானே உங்களிட்ட வந்தனான்."

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் இன்னும் எங்கே வைப்பதென்று தெரியாமல் இருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் சாரல் அடித்தது. உங்கள் சேலைத்தலைப்பு வெளியே தொங்கி, சில்லுத் தெறித்த சேற்றில் நனைந்துகொண்டு வந்தது. நீங்கள் அதை இழுத்து வைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதற்குப் பிறகு நீங்கள் கேக் சுடவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. இத்தனை வருசப் புளுகையும் மன்னித்த நீங்கள், நான் ஒருநாள் சொன்ன உண்மையை மன்னிக்கவில்லை. வாடை முழுவதும் போறணைமேல் ஒரு பழைய படுக்கைவிரிப்பு மூடிக் கிடந்தது. ஒருநாள் சகலன் என் வீட்டுக்கு வந்தார். குடையை மடக்காமலே நின்றார்.

"தம்பி, போறணைக்குள்ள பூஞ்சணம் பிடிச்சிட்டுது."

அவர் சொந்தமாகச் சொன்ன மிக நீண்ட வசனம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். போய்ப் பார்த்தேன். தட்டுகளில் பச்சையும் சாம்பலுமாக மயிர் முளைத்திருந்தது. மூடிய வாயின் துர்மணம் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

அப்போது நான் என் பிறவித் தொழிலுக்குத் திரும்பினேன். உங்கள் காதில் விழட்டும் என்று விறாந்தையில் நின்று சகலனிடம் உரத்துக் கதைத்தேன். "சந்தியில புதுசா ஒரு கேக் கடை திறந்திருக்கிறாங்கள், அண்ணை. அடேயப்பா! மச்சாள் எல்லாம் அவன்ட கால்தூசிக்கு வரமாட்டா."

பச்சைப் பொய். அந்தக் கடையில் கேக் வாங்கித் தின்ற நாய் ஒன்று மூன்று நாள் கோயில் வாசலில் படுத்து நேர்த்தி வைத்தது. ஆனால் அறைக்கதவு திறந்தது. நீங்கள் என்னைத் திரும்பியும் பாராமல் குசினிக்குள் போய், ஒரு வாளி சுடுதண்ணீரும் சவுக்காரமும் எடுத்து அந்தத் தட்டுகளைத் தேய்க்கத் தொடங்கினீர்கள். என் உண்மையை நம்பாதவர் என் பொய்யை அவ்வளவு விரைவாக நம்பினீர்கள்!

பின்னேரம் ஒரு துண்டு கேக் என் முன்னால் வந்தது. அதே பழைய பக்குவம். மேகம், வெண்ணெய், எல்லாம் திரும்பி வந்திருந்தன.

"எப்பிடி?"

"திறம், மச்சாள்."

"திறம் எண்டு தேத்தண்ணிக்கும் சொல்லுவீர். அவ சொன்ன சொல்லைச் சொல்லும்."

"அதை மட்டும் கேக்காதையுங்கோ. சொன்னா எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வரும்."

"நீர் சொல்லாட்டி நான் நம்பமாட்டன்."

"நான் சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டியள்."

அதற்குப் பிறகு எத்தனை கேக், எத்தனை துண்டு! ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள், ஒவ்வொரு முறையும் நான் காதைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடுவேன். அது எங்கள் விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஆனால் தட்டை நீட்டும்போது உங்கள் கண் விளையாடவில்லை என்பதை நான் கவனித்தேன். அந்த மண்டபத்தில் சனம் சிரித்த சிரிப்பு அந்தக் கண்ணில் கிடந்தது. வேறு கலியாணக் கேக் உங்களைத் தேடி வரவும் இல்லை.

பிறகு ஆசுப்பத்திரி. சுவரெல்லாம் ஈரம் ஊறி வரைபடம் வரைந்திருந்த அறை. நீங்கள் அதைப் பார்த்து முகம் சுளித்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சாப்பாடு நின்று, தண்ணீரும் விழுங்க முடியாமல் போனது. ஒரு மத்தியானம் தாதி வந்து பஞ்சையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரையும் வைத்தார்.

"வாய் காயவிடாதையுங்கோ. அடிக்கடி தொட்டுத்தொட்டு உதட்டை மொயிஸ்டா வச்சிருங்கோ."

உங்கள் தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள். பஞ்சை நான்தான் எடுத்தேன். கேக்கின் ஈரத்தைச் சோதித்த அந்தக் கீழுதடு கச்சான் அடித்த மண்போல வெடித்திருந்தது. உங்கள் உடம்பில் நீங்கள் வெறுக்காத ஈரம் இதுவாவது இருக்கட்டும் என்று தொட்டேன். கண் திறந்தீர்கள்.

"என்னவாம்?" காற்றுப்போல வந்தது குரல்.

"உதட்டை மொயிஸ்டா வச்சிருக்கட்டாம், மச்சாள்."

நான் அதைச் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. வெடித்த உதட்டில் ஒரு பக்கம் அசைந்தது.

"எந்த மொயிஸ்ட்? அகராதியோ, லண்டனோ?"

"லண்டன்." பஞ்சை மறுபடி தண்ணீரில் தோய்த்தேன். "உங்கட கேக்கைப்போல. அதுவும் மொயிஸ்ட்தான், மச்சாள். எப்பவும் மொயிஸ்ட்தான்."

உதட்டை மடித்து அந்த ஈரத்தைச் சோதித்துப் பார்த்தீர்கள்.

"புளுகர்" என்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். நம்பினீர்களா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது நான் சட்டைப்பையில் ஒரு ஈர்க்கு வைத்துக்கொண்டு திரிகிறேன். கலியாணம், பிறந்தநாள், பிரியாவிடை, எங்கே கேக் வைத்தாலும் வெட்டுமுன் ஒரு குத்து. இழுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தீர்ப்புச் சொல்வேன். சனம் என்னை அழைக்கவே பயப்படுகிறது. போன மாதம் ஒரு வீட்டில் கேக்கை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் எனக்குப் படலை திறந்தார்கள்.

இன்றைக்கும் உங்கள் தங்கச்சி அந்தப் பக்கம் போனதும், உங்கள் முன்னால் வைத்திருந்த அந்தக் கறுப்புத் துண்டில் ஈர்க்கைக் குத்தினேன். சளிபோல ஒரு நூல் இழுபட்டு வந்தது. சீ! பெட்டியோடு எடுத்து வேலிக்கு வெளியே கொட்டினேன். ஒரு காகம் கொத்திப் பார்த்துவிட்டு, அலகை மதிலில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு போனது. உங்கள் வளர்ப்புக் காகமாக இருக்கவேண்டும்.

படத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். கறை இன்னும் உதட்டைத் தொடவில்லை, நாடி வரைதான் வந்திருக்கிறது. நாளைக்கு என் அலுமாரிக்குள் ஒரு மின்குமிழ் பூட்டி, சேலைகளுக்கு நடுவே உங்களை வைக்கப்போகிறேன். குஞ்சு பொரித்தால் அறிவிக்கிறேன்.

ஈர்க்கைக் கழுவினேன். உங்கள் துவாயொன்று எங்கள் வீட்டில் கிடக்கிறது, அதில் துடைத்தேன். காய்ந்துவிட்டதா என்று கீழுதட்டில் வைத்துப் பார்த்தேன்.

இன்னும் காயவில்லை, மச்சாள்.